இன்னும் 147 நாள் பொறு!

ஸர்வர் என்றால் நமக்கெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். தோளில் துண்டும் கையில் நாலு டம்ளருமாக வந்து நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் இட்லி, வடை, பொங்கல், பூரி என்று ஒரே மூச்சில் அஷ்டோத்தரம் சொல்லி முடிப்பாரே, அவர்தான். கம்ப்யூட்டர்க்காரர்கள் சொல்லும் ஸர்வருக்கும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான். ஓரிடத்தில் நின்றுகொண்டு, கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். ஓட்டல் ஸர்வருக்கு எப்போதாவது கோபம் வரும். கம்ப்யூட்டர் ஸர்வருக்கு எப்போதாவது பிடிவாதம் வரும். அந்தப் பிடிவாதம் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சகோதரிகள் 'இது நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். இதில் மளிகைக் கடை வருகிறது, பஞ்சாங்கம் வருகிறது, மருந்து அலமாரி வருகிறது. நமக்குத் தெரியாத பொருள் ஒன்றுமே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தர்ம வைத்தியசாலை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், அதுவும் காலை வேளையில் மட்டும். ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் பார்க்கிறார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி, நெஞ்சு வலி என்று ஆளுக்கு ஒன்றாவது இருக்கும். சில பேருக்கு நாலும் இருக்கும். அவர்களுடைய சீட்டுகளையும் அலமாரியிலுள்ள மருந்துக் கணக்கையும் வைத்திருப்பது, மேஜைக்கு அடியில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுதான் எங்கள் ஸர்வர். அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்குப் பென்ஷன் வாங்கிய பிறகு கிடைத்த வேலை இது. சம்பளம், டாக்டர் வீட்டுக் காப்பி.

"இந்த வயசில் உங்களுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டே, வாரப் பத்திரிகைகளில் கம்ப்யூட்டர் சமாசாரத்தைக் கதை மாதிரி எழுதினாரே சுஜாதா, அவருடைய ஊர் இது. ஓட்டுப் போடும் மின்னணு யந்திரம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த ஊரில் இருந்துகொண்டு, 'எனக்கு இதெல்லாம் புரியாது' என்று சொன்னால் வீதிக்கே கௌரவக் குறைவு அல்லவா?

எங்கள் யந்திரத்தில் ஓடுவது லினக்ஸ். 1991-ஆம் வருஷம் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்து வைத்த காரியம் அது. எவரும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், காசு கிடையாது. லினக்ஸை மூலமாக வைத்து, வேண்டிய மற்ற சாமான்களையும் சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள் பலர். அதில் ஒன்று டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கினார். அப்போது அவருடைய சிநேகிதியாக இருந்து பிறகு மனைவியான பெண்ணின் பெயர் டெப்ரா. டெப்ராவையும் இயனையும் சேர்த்து 'டெபியன்' என்று வைத்துவிட்டார். மனைவி பெயரை முன்னால் போட்டிருக்கிறார், கவனியுங்கள். டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' என்ற குழந்தைகள் சினிமாவில் வரும் பாத்திரத்தின் பெயர். பத்தாவது பதிப்பு 'பஸ்டர்', அது ஒரு நாய். பதினொன்றாவது 'புல்ஸ்ஐ', அது ஒரு குதிரை. பன்னிரண்டாவது 'புக்வோர்ம்', அதாவது புத்தகப் புழு. எங்கள் மேஜைக்கு அடியில் 2019-இலிருந்து நாய், குதிரை, புழு என்று மூன்றும் குடியிருந்திருக்கின்றன.

இனி மளிகைக் கடைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு பொட்டலமாக வருகிறது. 'பாக்கேஜ்' என்று அவர்கள் சொல்வது அதைத்தான். எங்கோ ஓர் ஓட்டை அல்லது குறை கண்டுபிடிக்கப்பட்டால், திருத்திய பொட்டலம் வரும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். இந்தப் பொட்டலங்கள் ஒரே கடையில் இல்லை. உலகம் பூராவும் பல ஊர்களில் கிளைகள். எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரக்கு ஒன்றுதான் என்று எப்படி நம்புவது? அதற்காக ஒரு பட்டியல் உண்டு. இன்ன பொட்டலம், இன்ன அளவு, அதன் அடையாள எண் இது என்று எல்லாம் எழுதி, கீழே தலைமைக் கடையின் முத்திரை. பட்டியலின் தலைப்பில் அது தயாரான தேதியும் மணியும் இருக்கும். நமது யந்திரம் முதலில் பட்டியலை வாங்கிப் பார்க்கும். முத்திரையைச் சரி பார்க்கும். தேதியைச் சரி பார்க்கும். அப்புறம்தான் பொட்டலத்தில் கை வைக்கும். நாம் காந்தி மார்க்கெட்டிலிருந்து சாமான் வந்ததும் ரசீதையும் பையையும் ஒத்துப் பார்க்கிறோமே, அதைவிடக் கறாராகப் பார்க்கும். எதிலாவது ஒன்று ஒத்துவராவிட்டால், 'முடியாது' என்று நின்றுவிடும். இந்தக் காரியத்தைச் செய்யும் நிரலுக்கு 'ஆப்ட்' என்று பெயர்.

டாக்டருக்கு ஆரம்பத்தில் இது ஒரு வீண் வேலையாகவே பட்டது. "நன்றாகத்தானே ஓடுகிறது, டீச்சர்? ஓடுகிறதை எதற்கு நோண்ட வேண்டும்?" என்றார். அவருக்கு நான் சொன்ன உதாரணம் இங்கிலாந்து. 2017 மார்ச்சில் மைக்ரோஸாப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. பல இடங்களில் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் 12-ந்தேதி 'வான்னக்ரை' என்ற விஷநிரல் அதே ஓட்டை வழியாக நுழைந்தது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய அமைப்பில் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள்; ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள். அது லினக்ஸ் இல்லைதான். ஆனால் மூடாத ஜன்னல் எந்த வீட்டில் இருந்தால் என்ன? டாக்டர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி, மாதம் ஒரு தடவையாவது செய்துவிடுங்கள்" என்றார். வைத்தியர்களுக்கு உதாரணம் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துச் சொன்னால்தான் மனசில் ஏறும்.

முதல் பிடிவாதம் 2021 ஆகஸ்டில் வந்தது. கொரோனாவினால் சில மாதம் வைத்தியசாலை திறக்கவில்லை. திறந்து அப்டேட் செய்யப் போனால், 'இந்தக் கடை தன்னை ஸ்டேபிள் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது ஓல்ட்-ஸ்டேபிள் என்கிறது. இதை நீ வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் மேலே நடப்பேன்' என்று நின்றது. நடந்தது வேறொன்றுமில்லை. ஆகஸ்ட் 14-ந்தேதி குதிரை பிறந்துவிட்டது. ஆகவே நாய்க்குப் 'பழைய' என்ற பட்டம் வந்தது. பிள்ளைக்குக் கல்யாணமானதும் நேற்று வரை 'மாட்டுப்பெண்' ஆக இருந்தவள் 'மாமியார்' ஆகிவிடுகிறாள் அல்லவா? ஆள் அதே ஆள்தான், பட்டம்தான் மாறிற்று. 'சம்மதம்' என்று ஓர் எழுத்தைத் தட்டியதும் சமாதானமாகிவிட்டது. எனக்கு என்னவோ அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நமக்குத் தெரியாமல் பெயர் மாறினால் ஏன் என்று கேட்பது மரியாதைதானே?

இப்போது 2024-க்கு வருகிறேன். ஜூலை முதல் வாரத்தில் அந்த மாதத்து அப்டேட் முடிந்தது. மறு வாரம் கட்டிடத்தில் ரிப்பேர் ஆரம்பமாயிற்று. மேல்தளம் ஒழுகியதால் எல்லாவற்றையும் காலி செய்து, வைத்தியசாலையை டாக்டர் வீட்டுத் திண்ணைக்கு மாற்றினோம். அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அவசரத்துக்கு மட்டும் வைத்தியம் நடந்தது. ஸர்வரைப் பழைய போர்வையில் சுற்றி, பரண்மேல் வைத்தோம். மருந்து அலமாரியைப் பூட்டினோம். ஒரு மாதத்தில் முடியும் என்ற கொத்தனார் வாக்கு, வழக்கம்போல் சரஸ்வதி பூஜையைத் தாண்டித்தான் நிறைவேறிற்று. அக்டோபர் 28, திங்கட்கிழமை திறப்பது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை தீபாவளி. தீபாவளி மருந்து தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் வரிசையாக வருவார்கள் என்று டாக்டர் அவசரப்பட்டார்.

முந்தின வியாழக்கிழமை, 24-ந்தேதி, யந்திரத்தை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் உதவிக்கு வந்திருந்தாள். திருச்சியில் என்ஜினீயரிங் படிக்கிறாள். தினமும் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிறவளுக்கு இந்த மாதிரி வேலை என்றால் கொண்டாட்டம். யந்திரம் நல்லபடியாக எழுந்தது. சீட்டுகள் இருந்தன. மருந்துப் பட்டியல் பச்சைப் பசேலென்று வந்தது. எங்கள் பட்டியலில் கெடு தேதி தாண்டாத மருந்து பச்சையாகவும், தாண்டியது சிவப்பாகவும் தெரியும். ஒரு சிவப்புக் கூட இல்லை. "திருஷ்டி சுற்றிப் போடணும் மாமி" என்றாள் அந்தப் பெண்.

நாலு மாதம் தூங்கின யந்திரம் ஆயிற்றே, முதலில் அப்டேட் செய்துவிடலாம் என்று ஆப்ட்டைக் கூப்பிட்டோம். அரை நிமிஷம் போயிற்று. பிறகு வரிசையாக மறுப்பு. 'இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடி ஆகவில்லை. இன்னும் 93 நாள் கழித்துத்தான் செல்லும்' என்று ஒரு வரி. 'இன்னும் 147 நாள் கழித்துத்தான் செல்லும்' என்று மற்றொரு வரி. 'இந்தக் கடையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்' என்று முடிவு.

அந்தச் சமயம் பார்த்து டாக்டரின் மைத்துனர் உள்ளே வந்தார். தீபாவளிக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். ஏதோ ஓர் ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருந்தால், அது இருக்க லாயக்கில்லாத விஷயம் என்று அர்த்தம்.

"இது எனக்குத் தெரிந்த கதை அம்மா! எங்கள் பழைய ஆபீஸிலும் லினக்ஸ்தான். போன ஜூன் மாதத்தோடு அவன் கடையை மூடிவிட்டான். உங்களுடையதும் அதேதான். யந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிசு வாங்குங்கள்."

அவர் சொன்னதில் பாதி நிஜம். 'சென்ட்-ஓஎஸ்' என்று ஒரு லினக்ஸ். அதன் ஏழாவது பதிப்புக்குக் கெடு 2024 ஜூன் 30. அதற்கப்புறம் அந்தக் கடையின் பழைய விலாசமே எடுபட்டுப் போயிற்று. அப்டேட் செய்யப் போனால், 'இப்படி ஒரு விலாசம் இல்லை' என்று வரும். இண்டர்நெட்தான் போய்விட்டது என்று நினைத்துக் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டவர்கள் உண்டாம். குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதற்குத் தபால்காரர் மேல் கோபித்துக்கொள்வது மாதிரி. பழைய சரக்கெல்லாம் ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புதிய திருத்தம் வராது. எங்கள் நாய்ப் பதிப்புக்கும், நீட்டித்த கெடு முடிந்தது அதே ஜூன் 30-ந்தேதிதான். நாங்கள்தான் அதற்கு முன்பே புழுவுக்கு மாறிவிட்டோமே! அதோடு, 'விலாசம் இல்லை' என்று ஸர்வர் சொல்லவில்லை. விலாசத்துக்குப் போய், கடையைக் கண்டு, பட்டியலை வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு, 'தேதி சரியில்லை' என்கிறது. இரண்டும் ஒன்றா?

"தேதி சரியில்லை என்றால் தேதியைப் பார்க்காதே என்று சொல்லிவிடுவதுதானே?" என்றார் மைத்துனர்.

அப்படிச் சொல்லவும் வழி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பெண் தன் போனில் தேடிப் பார்த்து, "ஆமாம் மாமி, ஒரே வரிதான். தேதிச் சோதனையை நிறுத்தச் சொல்லலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். போட்டுவிடட்டுமா?" என்றாள். விரல் தயாராக இருந்தது.

"இரு குழந்தை. அந்த இரண்டு வரியையும் ஒரு காகிதத்தில் எழுது" என்றேன்.

"ஒரு சின்ன தேதிக்கு இவ்வளவு விசாரணையா?" என்றார் மைத்துனர்.

தேதி சின்ன விஷயம் என்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாமோ? 2021-இல் என்ன நடந்தது? மற்ற ஊர்களிலெல்லாம் வைகுண்ட ஏகாதசி 2022 ஜனவரி 13. எங்கள் ஊரில் மட்டும் டிசம்பர் 14-ந்தேதியே, கார்த்திகை மாதத்தில், பரமபத வாசல் திறந்தது. 19 வருஷத்துக்கு ஒரு தடவை அப்படி வரும். அந்த வருஷம் தினசரிக் காலண்டரை நம்பி டிக்கெட் வாங்கிய உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சின்ன விஷயத்தைத் துருவிப் பார்த்ததால் பிழைத்த கதை கம்ப்யூட்டர் உலகத்திலும் உண்டு. அதே 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினீயர், தன் யந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று துருவினார். 'எக்ஸ்-இஸட்' என்ற சாதாரணப் பொட்டலத்துக்குள் எவனோ கள்ளக் கதவு வைத்திருந்தது அம்பலமாயிற்று. முத்திரையெல்லாம் சரியாக இருந்த பொட்டலம்தான். நல்ல வேளை, அது பரீட்சைக்கு விட்டிருந்த பதிப்புகளோடு நின்றது. எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் நிலையான டெபியனுக்கு வரவில்லை. அரை வினாடி, ஐயா! நமக்குக் கொட்டாவி விடக் கூடப் போதாது.

காகிதத்தைப் பார்த்தேன். முதலில் எனக்குத் தட்டுப்பட்டது, இரண்டு எண்கள் வேறு வேறாக இருந்ததுதான். யந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலோ, அல்லது தாறுமாறான பதிலோ சொல்லும். 93-க்கும் 147-க்கும் வித்தியாசம் 54. அது என்ன 54?

டெபியன் வழக்கம் எனக்குத் தெரியும். பிரதான பட்டியலை அடிக்கடி மாற்ற மாட்டார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் புதிதாகப் போடுவார்கள். கடைசியாகப் போட்டது ஆகஸ்ட் 31. இடையில் வரும் அவசரச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல். அது தினமும் புதுசாக வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு வந்தது அக்டோபர் 24-ந்தேதிப் பட்டியல். ஆகஸ்ட் 31-லிருந்து அக்டோபர் 24 வரை எத்தனை நாள்? செப்டம்பரில் 30, அக்டோபரில் 24. ஐம்பத்து நாலு!

என் பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியும், விடை ஒத்துப்போனால் டீச்சருக்கு எவ்வளவு சந்தோஷம் வருமென்று. இரண்டு பட்டியலும் பொய் சொல்லவில்லை. யந்திரமும் கணக்கில் தப்பவில்லை. அப்படியானால் கோளாறு மூன்றாவது இடத்தில். அக்டோபர் 24-லிருந்து 147 நாள் பின்னால் எண்ணினேன். மே 30 வந்தது. ஆகஸ்ட் 31-லிருந்து 93 நாள் பின்னால் எண்ணினேன். அதற்கும் மே 30 வந்தது.

"யந்திரத்தை இன்றைக்கு என்ன தேதி என்று கேள்" என்றேன்.

கேட்டாள். மே மாதம் 30-ந்தேதி என்று கூசாமல் சொல்லிற்று.

காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன கடிகாரம் உண்டு. மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்டுவது பெரிய பொட்டு அளவு ஒரு வட்டப் பாட்டரி. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பாட்டரிக்கு வேலை குறைவு. நாலு மாதம் பரணில், முழுப் பாரத்தையும் தனியாகச் சுமந்து, வயசான அந்தப் பாட்டரி உயிரை விட்டுவிட்டது. இப்படி நடந்தால் சில யந்திரங்கள் பிறந்த வருஷத்துக்கே ஓடிப்போகும். லினக்ஸுக்குக் கொஞ்சம் விவேகம் உண்டு. தன்னுடைய உள் நிரல் தயாரான காலத்துக்கு முந்தின தேதியை அது நம்பாது. ஜூலையில் நாங்கள் போட்ட அப்டேட்டில் வந்த நிரல் மே மாதத்தில் தயாரானது. ஆகையால் கடிகாரம் மே மாதத்தோடு நின்றது. இண்டர்நெட்டில் சரியான மணியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதியும் இதில் உண்டு. அதை முதலில் நிறுவியவர் எக்காரணத்தாலோ அணைத்து வைத்திருந்தார். பாட்டரி நன்றாக இருந்த வரையில் அது யாருக்கும் தெரிய நியாயமில்லை. சுவரில் பெரிய கடிகாரம் இருக்கும்போது, மேஜைக்கு அடியில் குனிந்து ஸர்வரிடம் யார் மணி கேட்பார்கள்?

"சரி, மாற்றிவிட்டால் போச்சு!" என்று மைத்துனர் எழுந்தார்.

எனக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. யந்திரம் இன்றைக்கு மே 30 என்று நினைக்கிறது. அப்படியானால் மருந்துப் பட்டியலும் மே 30 என்றுதானே நினைக்கும்? அலமாரியைப் பூட்டியது ஜூலையில். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் கெடு முடிகிற மருந்துகளெல்லாம் உள்ளே இருக்கின்றன. அவை எல்லாம் பச்சையாகத் தெரிகின்றன!

அந்தப் பெண்ணும் அதே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமி, பட்டியல்..." என்றாள்.

இண்டர்நெட்டிடம் மணி கேட்கச் சொல்லி யந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தோம். ஒரு நொடியில் மே 30 மறைந்து அக்டோபர் 24 வந்தது. மருந்துப் பட்டியலை மறுபடி திறந்தோம். எட்டு வரிகள் சிவப்பாக மாறின. ஏழைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வைட்டமின், வலி எண்ணெய் மாதிரி. எட்டாவது, நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. அதைத் தவறாமல் வாங்கிப் போய் முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்ளும் பாட்டி ஒருத்தி எங்கள் வீதியிலேயே இருக்கிறாள். அடையவளஞ்சானிலிருந்து நடந்து வருகிறவர்கள் இரண்டு பேர்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மற்றதெல்லாம் போகட்டும் டீச்சர். இது வீரியம் போய்விட்டால் வெறும் மாத்திரைதான். அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு, வலி நிற்கவில்லையே என்று அவர்கள் காத்துக்கொண்டிருந்தால்..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. அட்டைகளை எடுத்துத் தனியாக ஒரு காகித உறையில் போட்டு, மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார்.

தேதிச் சோதனையை நிறுத்திவிட்டு அப்டேட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் பயமாக இருந்தது. பொட்டலங்கள் நல்ல பொட்டலங்கள்தான். முத்திரை சரியாகவே இருந்தது. எல்லாம் ஒழுங்காக இறங்கி உட்கார்ந்திருக்கும். எல்லாம் முடிந்தது என்று விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். திங்கட்கிழமை பட்டியல் பச்சையாகவே இருந்திருக்கும். அந்த யந்திரத்தில் தேதியைப் பற்றி வாயைத் திறந்து ஆட்சேபித்தது ஆப்ட் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை, கோபுரத்துக்கு வெளியே இருக்கும் கடிகாரக் கடையில் வட்டப் பாட்டரி வாங்கி வந்தோம். ஐம்பது ரூபாய்க்கு நோட்டை நீட்டினால் சில்லறை திரும்பி வரும் விலை. அந்தப் பெண் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பழையதை நெம்பி எடுத்தாள். பிறகு அப்டேட் ஆரம்பித்தது. நாலு மாதப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பிரிந்துகொண்டிருந்தபோது, ஐப்பசி மழைக்கு வழக்கமாக நடப்பது நடந்தது, மின்சாரம் போயிற்று! 'போச்சு, போச்சு' என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மின்சாரம் வந்ததும் பார்த்தால், யந்திரம் அமைதியாக, 'வேலை நடுவில் தடைப்பட்டது. இன்ன கட்டளையைக் கொடுத்து மிச்சத்தை முடித்துவிடு' என்று கட்டளையின் எழுத்து மாறாமல் தானே எழுதிக் காட்டிற்று. அப்படியே தட்டினோம். எந்த இலையில் சாம்பார் வரை வந்தது, எந்த இலைக்கு இன்னும் சாதமே போடவில்லை என்று பந்தி விசாரிக்கிறவர் ஞாபகம் வைத்திருப்பதுபோல், விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக முடித்தது. எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் இந்த ஞாபகம் யாருக்கும் கிடையாது.

சனிக்கிழமை இன்னொரு சின்ன சண்டை. 'பூட்டு வேறொருவரிடம் இருக்கிறது' என்று ஆப்ட் மறுத்தது. அந்தப் பெண்ணின் தோழி ஒருத்தி போனில், "அந்தப் பூட்டு இருக்கும் பைலை அழித்துவிடு" என்று யோசனை சொன்னாளாம். ஆனால் பூட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் அதே வரியில் எழுதியிருந்ததே! யந்திரம் தானாகவே அவசரத் திருத்தங்களைப் பார்த்துக்கொள்ளும் வேளை அது. ஓர் அம்மியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அரைக்க முடியாது. காப்பி குடித்துவிட்டு வந்தோம், பூட்டு திறந்திருந்தது.

திங்கட்கிழமை வைத்தியசாலை திறந்தது. முதல் நாளே நாற்பது பேருக்கு மேல். நெஞ்சு வலி மாத்திரைக்குத் திருச்சி டவுனிலிருந்து புது அட்டைகள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டன. பாட்டி வந்தாள். புது அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன தடவை பச்சைக் கோடு போட்டது கொடுத்தேளே, அதுதான் எனக்குக் கேட்கும், இது என்னமோ நீலமா இருக்கே?" என்று டாக்டரிடம் சண்டைக்கு நின்றாள். கால் மணி நேரம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் போன பிறகு டாக்டர் மெதுவாக என் மேஜைக்கு வந்தார். ஸர்வரைப் பற்றித்தான் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், அந்த வட்டப் பாட்டரி எந்தக் கடையில் வாங்கினீர்கள்? நோயாளிகளை எடை பார்க்கிற மெஷினிலும் அதேதான் போடவேண்டுமாம். காலையிலிருந்து எல்லோரையும் எட்டு கிலோ, ஒன்பது கிலோ என்று காட்டிக்கொண்டிருக்கிறது."